மாஸ்டர் சொன்ன வார்த்தை

பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று யார் எழுதி வைத்தார்கள் தெரியவில்லை. இது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் இரண்டரை மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். சின்னவள் பழைய கார்க் கொட்டகையின் இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே கண் பழகவே கொஞ்ச நேரம் ஆனது. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. கிரீஸும் துருவும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாடை. சக்கரம் கழற்றிய கார்கள் வரிசையாகச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தன. எங்கேயோ ஒரு தகரம் சூட்டில் விரிந்து படபடத்தது.

கொட்டகைக்காரரைச் சோடாபுட்டி என்றுதான் ஊரே கூப்பிடும். அவ்வளவு கனத்த கண்ணாடி. அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். பழைய கார்களை வாங்கி, பிரித்து, சேர்த்து, மறுபடி ஓட வைத்து விற்பது அவர் பிழைப்பு. சின்னவள் கார் நம்பரைச் சொன்னதும், துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா."

"எங்க அப்பா வண்டிண்ணே அது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டினார். பிறகு முன்னால் நடந்தார்.

கடைசி மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. பச்சைக் கார். உருண்டு திரண்ட பானெட், வட்டமான இரண்டு விளக்குகள், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். முன்பக்கம் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளச் சீட்டு. டிரைவருக்கு இடப்பக்கம், பக்கத்தில் உட்காருபவரின் காலடியில், கூடுதலாக இரண்டு பெடல்கள். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் அது இருக்கும். கற்றுக்கொள்பவர் கோட்டை விட்டால் கற்றுக்கொடுப்பவர் தன் பக்கத்திலிருந்தே பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்துவதற்கு.

அப்பாவை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் ஸ்கூலில் முக்கியமான வார்த்தை இரண்டே இரண்டு. மிதி என்றால் ஆக்ஸிலரேட்டர். பிடி என்றால் பிரேக். "பிரேக்கை மிதி" என்று எவனாவது வாய்தவறிச் சொன்னால் மண்டையில் ஒரு குட்டு விழும். பதற்றத்தில் வாக்கியமெல்லாம் காதில் ஏறாது, ஒரு வார்த்தைதான் ஏறும், அந்த ஒன்றும் குழம்பக் கூடாது என்பார். நியாயமான பேச்சுதான். மாஸ்டர் பேச்சு எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். அவர் வாழ்நாளில் ஒரு தப்பு செய்ததில்லை. ஏதாவது தப்பு நடந்திருந்தால் அதை வீட்டில் வேறு யாராவது செய்திருப்பார்கள்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அவர் மூத்த மகளுக்கு இந்த வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவளுக்கு அப்போது இருபது வயது, சின்னவளுக்குப் பதின்மூன்று. பம்ப் ஹவுஸ் இறக்கத்தில் ரோடு சரசரவென்று கீழே இறங்கி, பம்ப் ஹவுஸ் சுவருக்கு எதிரில் பட்டென்று திரும்பும். வண்டி திரும்பவில்லை. அதன் இடப்பக்கம் சுவரில் போய் மோதியது. மாஸ்டர் அங்கேயே போய்விட்டார்.

பெரியவள் கையில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஒன்றையே சொன்னாள். "அப்பா மிதின்னார். நான் மிதிச்சேன்."

"செத்த மனுஷன் மேலயே பழி போடுறியா?" என்றாள் அம்மா. மாஸ்டராவது, இறக்கத்தில் போய் மிதி என்று சொல்வதாவது. பச்சைக் குழந்தை கூட நம்பாது. அம்மா அதே வேகத்தில் சின்னவள் பக்கம் திரும்பி, "உங்கக்கா பொய்தானே சொல்றா?" என்று கேட்டாள். சின்னவள் தலையாட்டினாள். பதின்மூன்று வயதுப் பெண் வேறு என்ன செய்வாள் என்று சமாதானம் சொல்லலாம். அவளுக்கு அது இன்றுவரை தொண்டையில் சிக்கிய முள்தான்.

அன்றிலிருந்து அம்மா பெரியவளிடம் நேராகப் பேசியதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "பசிக்கிறவங்க போட்டுச் சாப்பிடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "வெளிய போறவங்க குடையை எடுத்துட்டுப் போகலாம்" என்று ஜன்னலிடம் சொல்வாள். எல்லாம் ஜாடைப் பேச்சு. பெரியவள் கல்யாணம் வேண்டாம் என்றாள், வேண்டவே வேண்டாமா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிற வேலை. நாலு கிலோமீட்டர் நடந்தே போய் நடந்தே வருவாள். மழையோ வெயிலோ, எந்த வண்டியிலும் ஏற மாட்டாள்.

சின்னவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். பத்தொன்பது வருஷமாக. போன வருஷம் பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கக் காத்திருக்கும்போது, இன்னொரு வேன்காரர் ஒரு கதை சொன்னார். அவர் மச்சான் ஒரு பழைய பச்சைக் கார் வாங்கினானாம். ஓட்டும்போது காதோரத்தில் யாரோ "மிதி, மிதி" என்கிறார்களாம், கால் அதுபாட்டுக்கு ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறதாம். மச்சான் நேரே போய்த் தன் மாமியார் வீட்டுச் சுவரிலேயே விட்டானாம். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சின்னவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது.

அதற்குள் அம்மாவின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் கையை விரித்திருந்தார். அம்மா கண்ணை மூடுவதற்குள் அக்காவிடம் நேராக ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். சின்னவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி கார்தான். பதினான்கு மாதம் விடுமுறை விடுமுறையாக அலைந்தாள். மச்சானிடமிருந்து ஒரு போட்டோகிராபர், அவரிடமிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் என்று வண்டி கை மாறியிருந்தது. பேய் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் போன வீடுகளிலெல்லாம் ஒரு சுவர் மட்டும் புதிதாகப் பூசியிருந்தது.

சோடாபுட்டி தார்ப்பாயை முழுவதும் இழுத்துவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். சின்னவள்தான் பார்க்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"உங்கப்பா பக்கத்து பிரேக் சும்மாம்மா," என்றார் உள்ளேயிருந்து. "இங்கருந்து டிரைவர் பிரேக்குக்கு ஒரு ராடு போகும். ரெண்டையும் சேர்க்கிற பின், ஒரு சின்ன இரும்பு ஊசி, அது இல்ல. ஒடியல. கழட்டியிருக்காங்க."

வெளியே வந்து விளக்கமும் சொன்னார். லைசென்ஸ் டெஸ்டுக்கு வண்டியைக் கொண்டு போனால் மாஸ்டர் பக்கத்து பிரேக் வேலை செய்யக் கூடாது, அதனால் அன்றைக்கு மட்டும் பின்னை உருவிவிடுவார்கள். டெஸ்ட் முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிட வேண்டும். இடித்த பிறகு முன்பக்கத்தைச் சரிசெய்தவர்களுக்கு இந்தப் பெடல் தேவைப்படவில்லை, யாரும் தொடவில்லை.

அந்த விபத்துக்கு முந்தின நாள் மாஸ்டர் இரண்டு பேரை டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சின்னவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் இரண்டு பேரும் பாஸாகி வீட்டுக்கு இனிப்பு கொண்டுவந்தார்கள்.

"சாவி கொடுங்கண்ணே," என்றாள்.

அவர் கொடுத்தார். கூட உட்காரச் சொன்னதற்கு மட்டும் மாட்டேன் என்றார். "கண்ணுதான் எனக்குச் சுமார். காது நல்லாக் கேக்கும்மா. ஒரு தடவை கேட்டது போதும்."

கொட்டகைக்குப் பின்னால் காலி மைதானம். முதல் சுற்றில் ஒன்றுமே இல்லை. பழைய இன்ஜின், கிழவன் இருமுவது போல் இருமிக்கொண்டு ஓடியது. இரண்டாம் சுற்றில் வாடை மாறியது. கிரீஸ் வாடை போய் ஷேவிங் சோப்பு வாடை வந்தது. ஈரமாக, இப்போதுதான் முகம் துடைத்துவிட்டு வந்தது போல.

பக்கத்தில் சீட்டின் ஸ்பிரிங் முனகிக்கொண்டு அமிழ்ந்தது.

அவள் திரும்பவில்லை. கண் ஓரத்தில் தெரிந்தது. சீட்டில் ஒரு பள்ளம்.

டக்.

இடப்பக்கத்து பிரேக் பெடல் தரைவரை போய் இடித்தது. எழும்பியது.

டக். டக்.

காலே இல்லாமல் பெடல் மிதிபட்டது. ஆவேசமாக, உயிர் போகிற அவசரத்தில்.

டக். டக். டக். டக்.

வண்டி நிற்கவில்லை. எப்படி நிற்கும்?

பிறகு அவள் இடது காதில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

"மிதி."

அவள் வலதுகால் அழுத்தியது. அவள் அழுத்தவில்லை, கால் அழுத்தியது. இன்ஜின் அலறியது. மைதானத்துச் சுற்றுச்சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. காலை எடுக்கப் பார்த்தாள், ஆணி அடித்தது போல் இருந்தது.

"மிதி. மிதி."

அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அப்பாவின் குரலில் அவள் அதுவரை கேட்டிராத பயம். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் அக்காவிடம் சொல்லவில்லை. வேலை செய்யாத பெடலைக் குத்திக் குத்தி மிதித்துக்கொண்டு, தன் காலுக்குத்தான் சொல்லியிருக்கிறார். அடுத்தவர் மண்டையில் குட்டி குட்டிக் கற்றுக்கொடுத்த வார்த்தையை அவரே குழப்பிவிட்டார்.

பயம் போய் ஆத்திரம் வந்தது சின்னவளுக்கு.

"பின்னை மாட்டல அப்பா நீங்க," என்றாள் சத்தமாக. "நீங்கதான் மறந்தீங்க. அக்கா இல்ல, நீங்க."

பெடல் சத்தம் நின்றது.

கால் விடுபட்டது. அவள் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுவருக்கு நாலு முழம் தள்ளி நின்றது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்கா பொய் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஒருத்தி உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தாள், வீட்டில் ஒரு ஜீவன் கூட நம்பவில்லை.

சோடாபுட்டி ஓடிவந்து, அந்த இரண்டு பெடலையும் வெட்டி எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னையாவது மாட்டித் தருகிறேன் என்றார். ஒன்றும் வேண்டாம், இருக்கிறபடியே வேண்டும் என்று சொல்லிவிட்டாள். விலை பேசிக் கொடுத்துவிட்டு, வண்டியை அன்றைக்கே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வழியில் காது பக்கம் ஒரு முணுமுணுப்பு கூட இல்லை. திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி அது கம்மென்று வந்தது.

வாசலில் வண்டியைப் பார்த்ததும் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். யாரைக் கேட்டு இந்தச் சனியனைக் கொண்டுவந்தாய் என்றாள். சின்னவள் பின்னைச் சொன்னாள், குரலைச் சொன்னாள். அம்மா நம்பவில்லை. புருஷன் பேயாக அலைகிறார் என்பதைக் கூட நம்பத் தயாராக இருந்தாள், அவர் பின் மாட்ட மறந்தார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

சாயங்காலம் பெரியவள் வேலை முடிந்து நடந்து வந்தாள். தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் மெல்ல வந்து, வண்டியைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தங்கை சொன்னதையெல்லாம் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான்தான் ஓட்டணும்," என்றாள்.

"உனக்கு இன்னும் ஓட்டவே தெரியாதேக்கா."

"நீ கத்துக்கொடு."

வேனில் இரண்டு மாதம் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் படியில் கால் வைக்கவே அரை மணி நேரம் ஆனது. வியர்த்துக் கொட்டியது, இரண்டு தடவை இறங்கிப் போய் வாந்தி எடுத்தாள், மறுபடி வந்து ஏறினாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. தங்கை அவளுக்கு வார்த்தை எதுவும் சொல்லவில்லை, கையால்தான் காட்டினாள். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவையே பாஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் கிளம்பினாள். "யார் பொய் சொல்றாங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்" என்று வாசல் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். சின்னவள் அவளுக்குப் பக்கத்தில். அக்காவுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன் என்றதற்குப் பெரியவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள். அது அவர் இடம் என்றாள்.

கடைத்தெரு தாண்டினார்கள். பாலம் தாண்டினார்கள். பம்ப் ஹவுஸ் இறக்கத்தின் உச்சியில் பெரியவள் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தினாள். கீழே அந்தச் சுவர் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

வண்டி இறங்கத் தொடங்கியது.

ஷேவிங் சோப்பு வாடை.

அம்மா விலுக்கென்று நிமிர்ந்தாள். அந்த வாடையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்சீட்டு அமிழ்ந்தது.

டக்.

அம்மா எட்டிப் பார்த்தாள். முன்சீட்டின் காலடியில், யாரும் இல்லாத இடத்தில், பெடல் தரையில் போய் இடித்துவிட்டு எழும்பியது.

டக். டக். டக்.

"மிதி."

வண்டி முன்னால் பாய்ந்தது. சின்னவள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். தனக்குப் பலித்த அதே வார்த்தைகளைக் கத்தினாள், பின்னை மாட்டல அப்பா என்று கத்தினாள். பெடல் நிற்கவில்லை. இந்த இடத்தில் அது யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை.

"மிதி. மிதி. மிதி."

பெரியவள் அழவில்லை, அலறவில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"அம்மா. கேக்குதா?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அம்மாவை நேராகக் கேட்ட முதல் கேள்வி.

சுவர் வந்துகொண்டிருந்தது. சுவரில் யாரோ கரியால் கிறுக்கியிருந்த கோடுகள் கூடத் தெரிந்தன.

அம்மா பின்சீட்டிலிருந்து எழுந்து, முன்னால் சாய்ந்து, பெரியவளின் தோளைப் பிடித்தாள்.

"பிடிடி," என்றாள். "பிடிடி என் கண்ணு."

பெரியவளின் கால் இடம் மாறியது.

டயர் தேய்கிற சத்தம் இறக்கம் முழுக்கக் கேட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், குலுங்கி, நின்றது. பானெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்கே நடக்கலாம். பெரியவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்விட்டு அழுதாள். அம்மா தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் பாவி, நான் பாவி, என் பிள்ளையை நானே கொன்னுட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியவள் அந்தக் கையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"மிதி," என்றது முன்சீட்டு. இப்போது மெலிதாக, தயங்கி.

அம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"போதும்," என்றாள். "உங்க வாய்ல தப்பே வராதுன்னு நம்பி என் பொண்ணோட ஒரு ஆயுசை எரிச்சிட்டேன். இனிமே வாயைத் திறக்காதீங்க."

பெடல் அசையவில்லை. சோப்பு வாடை மட்டும் அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போதும் பெரியவள்தான் ஓட்டினாள். அம்மா வழி நெடுக அவளிடம் பேசிக்கொண்டே வந்தாள். கடையில் மத்தியானம் என்ன சாப்பிடுவே, கை வலி இன்னும் இருக்கா, மழை நாள்ல செருப்பு வழுக்குமே என்று பழைய பாக்கியையெல்லாம் ஒரே நாளில் கேட்டுத் தீர்ப்பவள் போல. பெரியவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

வீடு வந்தது. பெரியவள் இறங்கித் தன் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். சின்னவள் இறங்கிச் சாத்தினாள். அம்மா சுற்றி வந்து பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள், அம்மா திறந்துவிட்ட கதவையும் சின்னவளே போய்ச் சாத்தினாள். மூன்று பேரும் கேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டு வாசல்படி வரை நடந்தார்கள்.

பின்னால் படாரென்று ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நாலாவது கதவு.

சின்னவள் உறைந்து நின்றாள். பெரியவளும் நின்றாள். அம்மா நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"மெதுவாச் சாத்தக் கூடாதா?" என்றாள் எரிச்சலாக.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவர்களுக்குப் பின்னால் கேட் மூடிக்கொண்டு, தாழ்ப்பாள் விழுந்தது.

மெதுவாக.